பெயின்ட் ஷாப் வாசலில் நின்ற பிரஷ் மரம்

ஒரு மரத்தின் மீது பொய்ப்பழி சுமத்தி அதை வெட்ட வைத்தவன் நான். குற்றம் என்னுடையது என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

இந்தத் தொடரில் இதுவரை என் வேலையைப் பற்றிப் பெருமையாகவே எழுதி வந்திருக்கிறேன். ஒரகடத்தில் எங்கள் ஆலையிலிருந்து முதல் பம்பர் பெயின்ட் ஆகி வெளியே வந்த கதையைப் போன வாரம் படித்துவிட்டு, அங்கே என்னோடு வேலை பார்த்த ஒருவர் போன் செய்தார். நன்றாக இருந்தது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த மரத்தைப் பத்தி எழுதுவீங்களா சார்?" என்று கேட்டார்.

எழுதுகிறேன்.

ஷூவில் ஒட்டிய சிவப்பு

எங்கள் ஆலை கார்களுக்கு பம்பர் செய்து, பெயின்ட் அடித்து அனுப்பும் ஆலை. பெயின்ட் அடிக்கும் பிரிவான பெயின்ட் ஷாப் முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. வெள்ளை பம்பர்களில் சில நாட்களாக ஒரு குறை வந்துகொண்டிருந்தது. மேல்பூச்சுக்கு அடியில் ஒரு சிவப்பு இழை. கண்ணிமை முடியைவிட மெல்லியது. ஆனால் வெள்ளையின் மேல் சிவப்பு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் கண்ணில் குத்தும். எங்கள் கஸ்டமரான கார் கம்பெனி பம்பர்களைத் திருப்பி அனுப்பியது. பிறகு தன் ஆளையே அனுப்பியது.

அவர் வந்த அன்று காலை, குறையுள்ள இடத்தை வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பஞ்சு நூல். முறுக்கு தெளிவாகத் தெரிந்தது. சாயம் ஒரே சீராக ஏறவில்லை. கோவில் வாசலில் விற்கும் சாமிக் கயிறு.

என் முழுக்கைச் சட்டையின் பித்தானை அவிழ்த்துப் பார்த்தேன். மணிக்கட்டில் என் மனைவி கட்டிவிட்ட கயிறு இருந்தது. அதன் முனை பிரிந்து நூல் நூலாக நின்றது. பம்பர்களைப் பார்வையிட நான் தினமும் பெயின்ட் அறைக்குள் போய்வருகிறவன்.

பித்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வந்தவர் பெயின்ட் ஷாப் வாசலில், மரத்தடியில் நின்றிருந்தார். தரையெல்லாம் சிவப்பாக உதிர்ந்து கிடந்தது. அவர் குனிந்து தன் ஷூவில் ஒட்டியிருந்த ஒரு சிவப்பு இழையை எடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவில் தூக்கிக் காட்டினார்.

"இதுவா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

பூவைத் தாண்டி வளரும் கிளை

அந்த மரம் எப்படிப்பட்டது என்று சொல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று உங்களுக்குப் புரியாது.

ஆலை திறந்தபோது நர்சரிக்காரர் லாரியில் கொண்டுவந்து இறக்கிய கன்றுகளில் அதுவும் ஒன்று. பூவைப் பார்த்தால் பாட்டில் கழுவும் பிரஷ் போலவே இருக்கும். அதனால் எல்லோருக்கும் அது பிரஷ் மரம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையில், கடலைத் தேடிப்போகும் ஓடைகளின் கரையில் தானாக வளர்கிற மரம் அது.

நான் தாவரவியல் படித்துவிட்டு பெயின்ட் தொழிலுக்கு வந்தவன். படித்த படிப்பு எனக்குச் சோறு போடவில்லை. ஆனால் அந்த மரத்தின் முன்னால் நிற்கும்போதெல்லாம் அதைப் படித்ததற்காகச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதன் பூவில் இதழ் என்பது பேருக்குத்தான். பச்சையாக ஒரு சின்னச் செதில், சீக்கிரமே உதிர்ந்துவிடும். நாம் பூ என்று பார்ப்பதெல்லாம் மகரந்தம் தாங்கும் இழைகள். நூற்றுக்கணக்கான இழைகள் கிளையைச் சுற்றிச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொட்டு.

பெரும்பாலான செடிகளில் நுனியில் கொத்து பூத்துவிட்டால் கிளை அதோடு முடிந்துபோகும். இந்த மரத்தில் அப்படி இல்லை. பூங்கொத்தின் உச்சியிலிருந்தே புதுத் தளிர் புறப்படும். பூவை ஊடுருவிக்கொண்டு கிளை மேலே போய்விடும். இழைகள் உதிர்ந்த இடத்தில் சின்னச் சின்னக் காய்கள், மரத்தில் கடைந்த மணிகள் போலக் கிளையைக் கட்டிக்கொண்டு இருக்கும். வருடக்கணக்கில் விழாது. அடுத்த பூப்பு அதற்கு மேலே, அதற்கடுத்தது அதற்கும் மேலே. ஒரு கிளையைக் கையில் பிடித்துக் கீழிருந்து மேலாகத் தடவினால் மணி, வெறுமை, மணி, வெறுமை என்று மரத்தின் வயது விரலில் தட்டுப்படும்.

தளிர் இளஞ்சிவப்பாக, பூனைக்குட்டியின் காதுபோல மென்மையாக இருக்கும். இலையைக் கசக்கினால் லேசான தைல வாசனை. காலை ஷிப்ட் பஸ்கள் வந்து நிற்கும் நேரத்தில் தேன்சிட்டுகள் வந்துவிடும். பஸ்ஸிலிருந்து இறங்கும் பையன்கள் தூக்கம் கலையாத முகத்தோடு ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் வருகைக் கார்டு தேய்க்கப் போவார்கள்.

எங்கள் ஆலை நின்ற இடம் ஒரு காலத்தில் ஏரிக்கு நீர் போன வழி. அந்தப் பெருமழை ஆண்டில் நீர் தன் பழைய வழியைத் தேடி வந்து காம்பவுண்டுக்குள் நின்றது. நெட்டிலிங்கங்கள் மஞ்சள் பிடித்துச் செத்தன. சாலையோரத்துக் கொன்றை வேரோடு சாய்ந்தது. பிரஷ் மரம் முழங்கால் நீரில் ஒன்றும் நடக்காததுபோல நின்றது. ஓடைக்கரையில் பிறந்த இனம் அல்லவா! நீர் வடிந்த சில வாரங்களில் அது பூத்த பூப்பை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அந்த மரம் தோட்டவேலைப் பெண்களுக்குச் சாப்பாட்டு இடமாகவும் இருந்தது. அவர்கள் கான்ட்ராக்டில் வந்தவர்கள். கேன்டீனுக்குள் அவர்களுக்கு அனுமதி இல்லை. வடக்குப்பட்டிலிருந்து வரும் தேசம்மாள்தான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. மதியம் ஆனால் ஏழெட்டுப் பேர் டப்பாக்களைத் திறந்துகொண்டு அந்த நிழலில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். சாப்பாட்டில் பூ விழாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"வுழும் சார். எடுத்துப் போட்டுட்டுத் துன்னுவோம்" என்றாள் தேசம்மாள். "உங்க கேன்டீன்ல வுழுற பூச்சிக்கு இது எவ்ளவோ தேவல."

கத்திரி வைத்த மேசை

இனி கயிற்றுக்கு வருகிறேன்.

பெயின்ட் அறைக்குள் நூல், முடி, தூசு எதுவும் போகக்கூடாது. அதற்கென்று தனி உடுப்பு, தலைக்கு உறை, கைக்கு உறை. கையை நீட்டினால் மட்டும் மணிக்கட்டில் உறை விலகும். ஆனால் ஆடி மாதம் வந்தால் எல்லோர் கையிலும் கயிறு ஏறிவிடும். ஊர்த் திருவிழாவுக்குப் போய்த் திரும்புகிறவன் கையில் கயிறு இல்லாமல் வரமாட்டான். ஒரு வருடம் நான் கண்டிப்பாக ஓர் உத்தரவு போட்டேன். நுழைவாயிலில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு கத்திரி. கயிற்றை வெட்டிவிட்டு உள்ளே போ, இல்லையென்றால் வீட்டுக்குப் போ.

சுடலை என்று ஒரு பையன், திருநெல்வேலிப் பக்கம். ஊரில் கோவில் கொடைத் திருவிழா முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தான். அவன் அம்மா கட்டிவிட்ட கயிறு கையில் இருந்தது. கத்திரியை எடுத்துத் தானே வெட்டினான். பக்கத்தில் இருந்த குப்பைக் கூடையைக் காட்டினேன்.

"குப்பையில போட மாட்டேன் சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வேலையே போனாலும் போடமாட்டான் என்பது மட்டும் தெரிந்தது.

வெளியே போய் அந்தக் கயிற்றை பிரஷ் மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றில் கட்டிவிட்டு வந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். சில நாட்களில் அந்தக் கிளை முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகக் கயிறுகள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மரம் வெளியேதானே இருந்தது.

அத்தனை பேர் கயிற்றையும் வெட்ட வைத்த நான் என் கயிற்றை வெட்டவில்லை. கார் கம்பெனி ஆள் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் எனக்கு நெஞ்சுவலி வந்து இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று மனைவி கட்டிய கயிறு அது. கழற்றினால் ஏதாவது ஆகிவிடும் என்று அவள் பயந்தாள். உண்மையைச் சொன்னால் நானும் பயந்தேன். படித்தவன் பயப்படுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று முழுக்கைச் சட்டைக்கு மாறினேன்.

ஆகவே அன்று அந்த மனிதர் ஷூவிலிருந்து எடுத்த இழையைக் காட்டியபோது நான் காப்பாற்றியது ஆலையின் பெயரை அல்ல. மேசையில் கத்திரி வைத்தவன் கையிலேயே கயிறு இருந்தது என்று வெளியில் தெரியாமல் என் மானத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

கொஞ்சம் யோசித்தாலே யாருக்கும் புரிந்திருக்கும். பெயின்ட் அறைக்குள் போகும் காற்று பல அடுக்கு வடிகட்டிகளைத் தாண்டித்தான் போகிறது. அவ்வளவு நீளமான பூவிழை அதில் நுழைய வாய்ப்பே இல்லை. யாரும் கேட்கவில்லை. காரணம் கண்ணுக்கு எதிரே சிவப்பாக நின்றது. தீர்வும் சுலபம்.

மறுவாரமே ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். தேசம்மாள் என்னிடம் வந்து, "வெட்டிட்டா நாங்க எங்க சார் ஒக்காந்து துன்றது?" என்று கேட்டாள். ஏற்பாடு செய்கிறேன் என்றேன். செய்யவில்லை. அந்தப் பெண்கள் அதன்பிறகு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், டீசல் வாசனையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கயிறு கட்டிய கிளையும் மற்றக் கிளைகளோடு டிராக்டரில் போயிற்று. நான் என் கயிற்றை அன்று இரவு வீட்டில் கழற்றி வைத்தேன். குறை நின்றுவிட்டது. மரத்தை வெட்டியதால்தான் நின்றது என்று எல்லோரும் நம்பினார்கள். நான் பாராட்டப்பட்டேன்.

அதன் சொந்த ஊரில்

ஓய்வு பெற்றபின் பிரிஸ்பேனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். முதல்நாள் காலை நடக்கக் கிளம்பியதும் தெருமுனையில் அது நின்றது. அடுத்த தெருவிலும் நின்றது. அங்கே அதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. நம் ஊரில் வேம்பு நிற்பதுபோல நிற்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். மணலைக் கடந்து ஓர் ஓடை கடலில் சேரும் இடம். இரு கரையிலும் அந்த மரங்கள், கிளைகளை நீரின்மேல் தொங்கவிட்டுக்கொண்டு. நீலத் தலையும் பச்சை முதுகும் ஆரஞ்சு மார்புமாகக் கிளிகள் கூட்டமாக வந்து தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்தன. காதைத் துளைக்கும் இரைச்சல். உதிர்ந்த சிவப்பு இழைகள் ஓடையில் மிதந்து மெதுவாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு தாராளமான மரம் என்று நினைத்தேன். பறவை, தேனீ, ஓடை, கரை, எதற்கும் அது இல்லையென்று சொல்லவில்லை.

அழகாக இருக்கிறது அல்லவா என்று மகள் கேட்டாள். வெயில் கண்ணில் படுகிறது என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன். அன்று மாலை முதன்முறையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "இதை என்கிட்ட சொல்லி என்னப்பா பிரயோஜனம்?" என்று மட்டும் கேட்டாள்.

செந்தில் சொன்னது

ஊர் திரும்பியதும் ஒரகடம் போனேன். எனக்குக் கீழே வேலை பழகிய செந்தில்தான் இப்போது ஆலையின் மேலாளர். அறைக்கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவன் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னான்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஓர் ஆலையில் ஒரு குறைக்குத் தீர்வு கண்டுபிடித்தால், அதே வேலை செய்யும் மற்ற ஆலைகளும் அந்தத் தீர்வை அப்படியே நிறைவேற்ற வேண்டும். ஹரிசான்டல் டெப்ளாய்மென்ட் என்பார்கள். ஒரு தவறை இரண்டு இடத்தில் செய்யாமல் இருக்க உண்டான நல்ல பழக்கம். நானே பலருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்.

"நம்ம கேஸைக் காட்டி பெயின்ட் ஷாப் பக்கத்துல மரமே இருக்கக் கூடாதுன்னு கஸ்டமர் ரூல் போட்டுட்டாங்க சார்" என்றான் செந்தில். "தண்டலம் பக்கம் இருக்கிற பிளான்ட்டுல புங்க மரத்தையெல்லாம் எடுத்துட்டாங்க. சப்ளையர் எல்லாரும் எடுத்தாங்க. நம்மகிட்ட ஒண்ணு. வெளியில எத்தனைன்னு எனக்குத் தெரியாது."

ஒரு மரத்துக்கு மன்னிப்புக் கேட்க வந்தவன் நான்.

பெயின்ட் லைனில் இருப்பவர்களிடம் நானே சொல்ல வேண்டும் என்று செந்திலிடம் கேட்டேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லோரும் கூடுவார்கள். அங்கே நின்று மறைக்காமல் சொன்னேன். சுடலை இப்போது லைன் லீடர், காதோரம் நரைத்துவிட்டது. அவன்தான் முதலில் பேசினான்.

"கயிறு கெட்டியிருந்தது எங்களுக்குத் தெரியும் சார். பம்பர்ல கொறையக் காட்டக் கைய நீட்டுவியள்லா, அப்ப சட்டைக்குள்ள தெரியும்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில கெடந்து எந்திரிச்சு வந்த மனுசன். உங்க வீட்டுல அக்கா கெட்டி விட்டிருப்பாவ, இருந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டோம்." மேலும் சொன்னான்: "மரத்தக் கைகாட்டுனது அன்னைக்கி வந்த கஸ்டமர் ஆளுன்னுதான் இத்தன நாளா நெனச்சோம்."

நான் அவர்களுக்குக் காட்டாத இரக்கத்தை அவர்கள் எனக்குக் காட்டியிருந்தார்கள். அந்த இரக்கத்தின் மறைவில் நின்றுதான் நான் மரத்தை வெட்டியிருக்கிறேன். சுடலையின் அம்மாவைப் பற்றி விசாரித்தேன். போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றான். வேறு கயிறு கட்டிக்கொள்ளவில்லையாம்.

தேசம்மாள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய் அவளிடமும் சொன்னேன். புல் வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒரு கயித்துக்கா சார் அம்மாம் பெரிய மரம்?"

மன்னித்துவிடு என்றேன்.

"மன்னிப்பு இன்னாத்துக்கு சார்? நெழல் வோணும். வெயில்ல துன்ன முடியல."

பீப்பாயில் ஒரு மரம்

நர்சரியில் தேடி ஒரு பிரஷ் மரக் கன்றை வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். ரூல் இருக்கும்வரை தரையில் நட முடியாது என்றான் செந்தில். ஆனால் சும்மா அனுப்பவும் அவனுக்கு மனம் வரவில்லை. நீல நிறக் கெமிக்கல் பீப்பாய் ஒன்றைப் பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பிக் கன்றை வைத்தார்கள். பீப்பாயை, சரக்கு அடுக்கும் இடுக்குவிட்ட ஒரு மரப் பலகைமேல் ஏற்றிப் பழைய மரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். சரக்குத் தள்ளும் கைவண்டியைப் பலகைக்கு அடியில் கொடுத்தால் மரத்தோடு நகர்த்திவிடலாம். கஸ்டமர் வரும் நாளில் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போகும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்பி வரும். இதற்கென்று செக்யூரிட்டிக்குத் தனி விசில் இருந்ததாகக் கேள்வி.

இப்படிக் கொஞ்ச காலம் ஓடியது. கன்று ஆள் உயரம் தாண்டிப் பூக்கவும் தொடங்கிவிட்டது. ரூலை எடுக்கச் சொல்லி, நடந்ததையெல்லாம் விவரித்துக் கார் கம்பெனிக்கு நான் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

ஒருநாள் செந்தில் போன் செய்தான்.

"சார், நாளைக்கு கஸ்டமர் வர்றாங்க. பீப்பாய் நகர மாட்டேங்குது. பலகை இடுக்கு வழியா வேர் தரையில இறங்கிடுச்சு. இழுத்தா அறுந்துடும்னு தேசம்மா வண்டி முன்னாடி நின்னுக்கிட்டு நகர மாட்டேங்குறாங்க. என்ன பண்ணட்டும்?"

இழுக்காதே, நான் வருகிறேன் என்றேன்.

மறுநாள் அந்த மரத்துக்குப் பக்கத்தில் நான் நின்றேன். இந்தமுறை வந்தது இளம் பெண் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர். மரத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. செந்தில் வாயைத் திறப்பதற்குள் நான் பேசத் தொடங்கினேன். கயிறு, கத்திரி, மைக்ராஸ்கோப், ஷூ, எல்லாம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், "அப்போ நாங்க எடுக்கச் சொன்ன மரமெல்லாம் வீணாத்தான் போச்சா?" என்றார். வீணாகத்தான் போயிற்று என்றேன். அவர் ஒரு பூவை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். உள்ளே போய் வடிகட்டிகளைக் காட்டச் சொன்னார்.

ரூல் இன்னும் எடுபடவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அந்த மரத்தை எடுக்கும்படியும் யாரும் சொல்லவில்லை. மற்ற ஆலைகளில் போனவை போனவைதான்.

சென்ற மாதம் பார்க்கப் போனேன். உச்சி வெயில், சாப்பாட்டு நேரம். தேன்சிட்டு ஒன்று பூவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது. மரம் இன்னும் சின்னது. அதன் நிழலில் ஓர் ஆள்தான் உட்காரலாம். பெண்கள் தினம் ஒருத்தியாக முறை வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு முறை வந்தவள் பீப்பாயில் சாய்ந்து கால் நீட்டிச் சாப்பிட, மற்றவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவளைச் சுற்றி வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் யாரும் போகவில்லை.

நானும் வெயிலில்தான் நின்றேன். தேசம்மாள் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து மரத்தின் உயரத்தைக் கண்ணால் அளந்தாள்.

"ரெண்டு வருசம் போனா எல்லாரும் ஒக்காரலாம் சார்" என்றாள். "நீங்க இருந்தா வந்து பாருங்க."